சமூக ஊடகவழித் தற்கற்றல்

பலர் கூடிப் பகிரும் இணையக் கருவிகளைக் கற்பவர் தம் வேகம், மொழி, ஓய்வுநேரம் ஆகியவற்றுக்கேற்பத் தெரிந்தெடுத்துப் பயன்படுத்தும் கல்விமுறை. காணொளித் தளம், கூட்டாக எழுதும் கலைக்களஞ்சியம், வாட்ஸ்அப் குழு ஆகியவை இதன் முதன்மைக் கருவிகள். வலைப்பின்னலில் தொடர்புகளை அமைப்பதே கற்றல் என்னும் கோட்பாட்டைக் கல்வியியலாளர் ஜார்ஜ் சீமன்ஸ் 2005-இல் முன்வைத்தார்.

தமிழில் 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் 2003-இல் தமிழ் விக்கிப்பீடியாவும் தொடங்கின. பின்னதில் ஒவ்வொரு கட்டுரைக்கும் உரையாடல் பக்கமும் திருத்த வரலாறும் உண்டு. படிப்பவரே திருத்துபவராகவும் ஆகலாம். தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019-இல் தொடங்கியது. அதன் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன.

கைத்தொழிற்கல்விக்கு இம்முறை ஓரளவே பொருந்தும். காஞ்சிபுரத்தில் பட்டுநெசவு வழிவழியாக வீட்டுத் தறியிலேயே கற்பிக்கப்படுகிறது. அங்கு, உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து இணைக்கும் கோர்வைச் சேலைக்கு, உடலுக்கு ஒன்றும் கரைகளுக்கு இரண்டுமாக ஊடை நூலைக் கொண்டுசெல்லும் மூன்று நாடாக்கள் ஓடும். நெசவாளருடன் உதவியாள் ஒருவரும் வேண்டும். உடல் ஊடையும் கரை ஊடையும் பின்னிக்கொள்ளும் இடத்தைக் காணொளியில் நிறுத்தி, மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் பாவு நூலின் இழுவிசையைக் கைதான் அறியும். அதற்குத் தறியடிப் பயிற்சியே வழி.

கற்பவர் தமக்குப் பிடித்த கருவியைத் தெரிந்தெடுப்பதாலேயே கற்றல் சிறந்துவிடாது. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் எனப் பிரித்துப் பாடம் நடத்துவது பயன் தரும் என்பதற்குப் போதிய சான்றில்லை என உளவியலாளர் ஹெரால்டு பாஷ்லர் குழுவின் 2008 ஆய்வுத் தொகுப்பு கூறியது. ஆகவே கற்பவரின் விருப்பத்தையும் கற்றலின் விளைவையும் ஒன்றாகக் கொள்வது தவறு.