டெங்குவின் இரு வகைப்பாடுகளும் குறியீட்டு இணைப்பின் எல்லையும்

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 என்னும் நோய்ப் பட்டியலில் டெங்கு காய்ச்சலுக்கு ஏ90 என்ற குறியீடும், ரத்தக்கசிவோடு கூடிய டெங்குவுக்கு ஏ91 என்ற குறியீடும் நெடுங்காலம் வழங்கிவந்தன. 2009-ஆம் ஆண்டில் அந்நிறுவனமே இந்நோயைப் பாகுபடுத்தும் முறையை மாற்றி, எச்சரிக்கை அறிகுறிகள் இல்லாதது, அவை உள்ளது, கடுமையானது என மூன்றாக வகுத்தது. பின்னர் அதற்கிணங்க ஏ97 என்ற புதிய தலைப்பும் அதன் உட்பிரிவுகளும் பட்டியலில் ஏற, பழைய இரண்டும் நீக்கப்பட்டன. அவ்விரு குறியீடுகளின் கீழ் ஏற்கெனவே திரண்டிருக்கும் பதிவுகளைப் புதிய முறையோடு எவ்வாறு பொருத்துவது என்ற கேள்விக்கு, ஏ91-ஐக் கடுமையான டெங்குவைக் குறிக்கும் ஏ97.2-உடன் நேராக இணைத்துவிடலாம் என்பதே எவருக்கும் முதலில் தோன்றும் விடை. அவ்விடை தவறானது என்பதும், அதன் காரணத்தை ஆராய்ந்தால் மருத்துவக் குறியீடுகளை இணைக்கும் கலை முழுமைக்கும் பொருந்தும் ஒரு நியதி புலப்படும் என்பதும் என் துணிபு.

பழைய முறைப்படி ரத்தக்கசிவு டெங்கு என நிர்ணயிப்பதற்கு நான்கு லட்சணங்கள் ஒருங்கே அமைய வேண்டும்: காய்ச்சல், ரத்தம் கசியும் இயல்பு, ரத்தத் தட்டணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஒரு லட்சமோ அதற்குக் குறைவாகவோ இருத்தல், ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிந்தமைக்குச் சான்று. இவற்றுள் ரத்தக்கசிவுக்குக் கையை இறுக்கிக் கட்டிச் செய்யும் சோதனையில் செம்புள்ளிகள் தோன்றுவதே போதும். பிளாஸ்மா கசிவுக்கு ஹிமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம், 20 சதவீதம் உயர்வதே போதும். அதிர்ச்சி நிலையை எய்தாமலே குணமடையும் நோயாளி பலர் இதனால் ஏ91-இல் அடங்கினர். புதிய முறையிலோ, அதிர்ச்சியையோ மூச்சுத்திணறலையோ விளைவிக்கும் கசிவு, கடும் ரத்தப்போக்கு, உறுப்புகளின் கடுமையான பாதிப்பு ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலே கடுமையான டெங்கு ஆகிவிடும். எனவே கசிவு சிறிதளவே கண்டு தேறிய நோயாளி ஏ91-க்கு உரியவராயினும் ஏ97.2-க்கு உரியவரல்லர், பிளாஸ்மா கசிவின்றி இதயத்தசை அழற்சிக்கோ கல்லீரல் செயலிழப்புக்கோ ஆளானவர் ஏ97.2-க்கு உரியவராயினும் ஏ91-க்கு ஒருபோதும் உரியவராக இருந்ததில்லை. ஒன்று விரிந்தது, மற்றொன்று குறுகியது என்றுகூட இங்கே சொல்ல வழியில்லை. இரண்டும் ஒரு பகுதியில் சந்தித்து, மறுபகுதிகளில் பிரிந்து நிற்கின்றன.

இத்தகைய சம்பந்தத்தை எவ்வாறு பதிவது என்று பார்ப்போம். மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான எச்.எல். 7 அமைப்பின் ஃபயர் என்ற தரநியமத்தில் இணைப்புகளைப் பதிவதற்கென வகுத்த கான்செப்ட்மேப் என்னும் அமைப்பு, இரு குறியீடுகளை அருகருகே வைப்பதோடு நில்லாமல் அவற்றின் சம்பந்தம் எத்தகையது என்பதையும் எழுதும்படி கேட்கிறது. அதன் நான்காம் பதிப்பில் "விரிந்தது" என்ற மதிப்பு இலக்குக் குறியீட்டைச் சார்ந்து பொருள்பட்டதால், மூலத்தைப் பற்றிச் சொன்னதாக அதனைத் தலைகீழாகக் கொள்ள இடமிருந்தது. 2023-இல் வெளியான ஐந்தாம் பதிப்பு, மூலம் இலக்கினும் குறுகியதா, விரிந்ததா என்று திசையை வெளிப்படையாகக் கூறவைத்தது. இது போற்றத்தக்க திருத்தமே. ஆயினும் டெங்குவின் நிலைமைக்கு அப்பதிப்பு அளிப்பது "தொடர்புடையது" என்ற பொதுச் சொல் மட்டுமே. எப்பகுதியில் ஒன்றுபடுகின்றன, எப்பகுதியில் பிரிகின்றன என்பதை இணைப்பைச் செய்தவர் குறிப்பாக எழுதினாலன்றி, பயன்படுத்துபவர் அதனை அறிய வழியில்லை.

புள்ளிவிவரம் தொகுப்போர் இதற்கு ஓர் ஆட்சேபம் கூறுவர்: ஆண்டுகளை ஒப்பிடுவதற்கு ஒரு நோயாளிக்கு ஒரு குறியீடு வேண்டும், நுண்ணிய சம்பந்தங்களை வைத்துக்கொண்டு கணக்கெடுக்க இயலாது என்பது அவர்கள் வாதம். அத்தேவை நியாயமானது, ஆனால் பட்டியல்களை மட்டும் பார்த்து அதனை நிறைவேற்ற முடியாது. அமெரிக்காவில் மரணக் காரணங்களை 1999-இல் ஐ.சி.டி.-10-க்கு மாற்றியபோது, 1996-ஆம் ஆண்டின் மரணப் பதிவுகளையே இரு முறைகளிலும் குறியீடிட்டு ஒப்பிட்டார்கள். இன்ஃபுளுவென்சாவும் நிமோனியாவும் சேர்ந்த கணக்கு சுமார் 30 சதவீதம் இறங்கியது. அல்சைமர் நோயின் கணக்கு ஏறத்தாழ 55 சதவீதம் ஏறியது. இறந்தவர்கள் அதே மக்கள். மாறியவை விதிகளும் தலைப்புகளுமே. இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தலைப்புகளை ஒப்புநோக்கி எவரும் ஊகித்திருக்க இயலாது. பெயர் மாறாதபோதும் அபாயம் உண்டு: அந்நாட்டில் கடும் மாரடைப்பு என்பது ஐ.சி.டி.-9-இன் கீழ் எட்டு வாரம் வரையும், ஐ.சி.டி.-10-இன் கீழ் நான்கு வாரம் வரையுமே செல்லும். ஆறாவது வாரத்து நோயாளியைப் பொறுத்தவரை அவ்விரண்டையும் சமம் என்று இணைப்பது பொய்.

ஆகவே எந்தப் பிரயோஜனத்துக்காக என்று சொல்லாத இணைப்பை ஏற்கலாகாது என்கிறேன். ஓராண்டின் டெங்கு நோயாளிகள் மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணுபவருக்கு ஏ90, ஏ91 இரண்டையும் ஏ97 என்ற பொதுத் தலைப்பின் கீழ்ச் சேர்ப்பதில் யாதொரு கேடும் இல்லை. கடுமையான நோய்க்குரிய சிகிச்சையின் பலனை ஆராய்பவருக்கோ அதே இணைப்பு பயனற்றது; ஏ91-ஐ ஏ97.2 ஆக்கும் இணைப்பு அதனினும் தீயது, ஏனெனில் தாமாகவே தேறியிருக்கக்கூடியவர்களையெல்லாம் அது சிகிச்சையால் பிழைத்தவர்களின் வரிசையில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இணைப்பால் கிடைத்த குறியீட்டை மூலக் குறியீட்டின் இடத்தில் எழுதாமல், அதனருகே எழுத வேண்டும். ஃபயரில் ஒரே நோய்க் குறிப்பின் கீழ்ப் பல குறியீடுகளை வைத்து, பயனாளர் தாமே தேர்ந்தது எது என்று அடையாளமிடவும் இடமுண்டு. அவ்விடத்தை வெறுமையாக விடும் மென்பொருளை நான் குறையுள்ளதாகவே கருதுகிறேன். பழைய ஏ91 பதிவோடு ஹிமட்டோகிரிட், தட்டணு எண்ணிக்கை, ரத்த அழுத்தம், கல்லீரல் சோதனை முதலியவை எஞ்சியிருந்தால், அவற்றிலிருந்து அந்நோயாளி எச்சரிக்கை அறிகுறிகள் உள்ள டெங்குவைக் குறிக்கும் ஏ97.1-ஐச் சேர்ந்தவரா, ஏ97.2-ஐச் சேர்ந்தவரா என்று மருத்துவர் ஒருவர் புதிதாக நிர்ணயிக்கலாம். அவை அழிந்துபோன பதிவு ஏ91 என்றே நிற்கட்டும்.