குமரிக்கண்டம்: நான் நடத்திய பாடமும் திருத்தமும்

 

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். இந்தியப் பெருங்கடலை நிறைத்து ஒரு கண்டம். ஒரு முனையில் மடகாஸ்கர், மறுமுனையில் ஆஸ்திரேலியா, நடுவில் 'குமரிக்கண்டம்' என்று எழுத்து. "சார், நீங்க எட்டாம் வகுப்புல வரைஞ்ச அதே படம்!" என்று கீழே எழுதியிருந்தார். உண்மைதான். பல வருஷம் வண்ணச் சாக்பீஸால் கரும்பலகையில் அதை வரைந்தவன் நான். அது எங்கிருந்து வந்தது என்று அப்போது தேடவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் தேடினேன்.

1864ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளருக்கு ஒரு சந்தேகம். லெமூர் என்ற விலங்கு மடகாஸ்கரில் ஏராளம். அதன் உறவுகள் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருக்கின்றன. நம் திண்டுக்கல், கரூர்க் காடுகளில் உள்ள தேவாங்கும் அந்த உறவுதான். இடையில் இவ்வளவு கடல் இருக்க, இவை எப்படிப் பரவின? கண்டங்கள் நகரும் என்பது அன்று ஏற்கப்படாத காலம். அதனால் நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கலாம் என்று ஊகித்து, அதற்கு 'லெமூரியா' என்று பெயர் வைத்தார். இதில் தவறில்லை. ஊகித்துச் சோதிப்பதுதான் அறிவியல்.

பிறகு ஜெர்மன் அறிஞர் ஹெக்கேல் வந்தார். மனித இனமே லெமூரியாவில்தான் தோன்றியது, எலும்புகள் கிடைக்காததற்குக் காரணம் அது மூழ்கியதுதான் என்றார். வழுக்கல் இங்கேதான் ஆரம்பம். சான்று இல்லாததற்கும் கடலே காரணம் என்றால், அந்தக் கருத்தை யார் சோதிக்க முடியும்?

அடுத்து நம்பிக்கை நுழைந்தது. சென்னை அடையாறில் 1882 முதல் இயங்கிய பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார், 1888ல் வெளியிட்ட நூலில் லெமூரியாவை மனிதகுலத்தின் மூன்றாம் மூல இனத்தின் வீடு என்று எழுதினார். உயிர்களின் வளர்ச்சி தற்செயல் அல்ல, மேலே வகுத்த திட்டம் என்பது அவர்கள் கொள்கை. 1904ல் ஸ்காட் எலியட் என்பவர், அங்கே ராட்சத உருவ மனிதர்கள் வாழ்ந்ததாகவும், வெள்ளிக் கிரகத்திலிருந்து வந்தவர்கள் அவர்களுக்குக் கல்வி தந்ததாகவும் எழுதினார். இன்றைக்கு இதை விஞ்ஞானக் கதை என்போம். அவர் வரலாறாகவே எழுதினார்.

நம் பக்கமும் ஒரு நினைவு இருந்தது. பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கடல் கொண்ட நிலம் எழுநூறு காவதம், 49 நாடுகள் என்று உரையாசிரியர் அடியார்க்குநல்லார் கணக்குத் தருகிறார். வெள்ளைக்காரர் சொன்ன லெமூரியாவும் இதுவும் ஒன்றே என்று நம் அறிஞர்கள் மகிழ்ந்தார்கள். 1981ல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கு அரசே இதை ஆவணப்படமாக எடுத்தது. ப. நீலகண்டன் இயக்கினார்.

நம் ஊர் நெசவில் கோர்வை தெரியுமல்லவா? உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். சேர்த்த இடமே தெரியாது. அதுபோல ஊகம், கதை, நம்பிக்கை, இலக்கிய நினைவு நான்கையும் கோத்துவிட்டார்கள். நானும் அதை ஒரே துணி என்று விற்றேன்.

அறிவியல் என்ன ஆனது? 1912ல் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். 1960களில் அது உறுதியானது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. நம் போன்ற மனிதன் தோன்றி 3 லட்சம் ஆண்டுகள்தான். லெமூரியா தேவைப்படாமல் போயிற்று, புவியியலாளர்கள் கைவிட்டார்கள். ஆனால் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. குமரிக்குத் தெற்கே கொஞ்சம் நிலம் வெளியே இருந்தது, இலங்கைக்கு நடந்தே போகலாம். சு.கி. ஜெயகரன் 'குமரி நில நீட்சி' நூலில் இதை விளக்குகிறார். அது ஒரு நிலப்பகுதி, கண்டம் அல்ல.

ஸ்கிளேட்டர் எழுதுவதற்கு முந்தைய ஆண்டு, 1863ல், ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்தையும் கண்டார். அங்கே கிடைத்த கருவிகள் 15 லட்சம் ஆண்டுப் பழமை என்று 2011ல் சாந்தி பப்பு குழுவினர் நிறுவினார்கள். அவற்றைச் செய்தவர்கள் தமிழர்கள் என்று சொல்லமாட்டேன், சொன்னால் மறுபடி அதே தவறு. ஆனால் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சான்று நம் மண்ணிலேயே கிடந்தது. நானோ கடலுக்கடியில் தேடச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

'குமரிக்கண்டம்' என்ற பெயருக்கும் நம் காஞ்சிக்கும் சம்பந்தம் உண்டு. குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்தில் அந்தச் சொல் வருகிறது. அங்கே அது பரத கண்டத்தின் ஒன்பது பிரிவுகளில் ஒன்று, கடலில் மூழ்கிய கண்டம் அல்ல.

அந்த அரங்கேற்றக் கதை உங்களுக்குத் தெரியும். முதல் அடி முருகனே எடுத்துக் கொடுத்தது. ஆனாலும் சபையில் ஒருவர் எழுந்து, இந்தப் புணர்ச்சிக்கு இலக்கண விதி எங்கே என்று கேட்டாராம். முருகன் புலவராக வந்து வீரசோழியத்தைக் காட்டிய பிறகுதான் அரங்கேற்றம் தொடர்ந்ததாம். கேட்டவரை யாரும் நாத்திகர் என்று திட்டவில்லை. முருகனும் கோபிக்கவில்லை, புத்தகத்தைக் காட்டினார்.

கடவுள் சொன்ன வரிக்கே ஆதாரம் கேட்ட ஊர் இது. வாட்ஸ்அப் படத்துக்குக் கேட்கக் கூடாதா?

அந்த மாணவருக்கு, "தம்பி, அன்று நான் தவறாக வரைந்தேன்" என்று பதில் எழுதிவிட்டேன். என்னிடம் படித்த மற்றவர்களும் இதைப் படித்தால், உங்கள் பிள்ளைகளிடம் இந்தத் திருத்தத்தைச் சொல்லுங்கள்.