கட்டிமணி தடுத்த இரண்டு பெனால்டிகள்



கால்பந்துப் பைத்தியமான பக்கத்து வீட்டுப் பையன் நேற்று கேட்டான்: "தாத்தா, தென் அமெரிக்காவுல கிளப் அணிங்களுக்குப் பெரிய கோப்பை எது?"

"கோபா லிபர்ட்டடோரஸ். 1981 இறுதியில பிரேசிலோட ஃபிளமெங்கோவும் சிலியோட கோப்ரெலோவாவும் ஆளுக்கொரு ஆட்டம் ஜெயிச்சு, மூணாவது ஆட்டம் வரைக்கும் போச்சு. ஃபிளமெங்கோ போட்ட நாலு கோலும் ஜிகோ ஒருத்தரே போட்டது. அந்த ஜிகோ பயிற்சி கொடுத்த அணியை நம்ம சென்னை ஒரு இறுதி ஆட்டத்துல தோற்கடிச்சிருக்கு" என்றேன். பையன் நம்பவில்லை. அவனுக்காகவே இந்தப் பதிவு.

2015 டிசம்பரை நம் மாவட்டம் மறக்காது. செம்பரம்பாக்கம் ஏரி திறந்து அடையாறு சென்னைக்குள் புகுந்த மாதம். இங்கே தாமலில் பாவு விரிக்க வெயில் இல்லாமல் தறிகள் சும்மா கிடந்தன. வெள்ளத்தால் சென்னையின் எஃப்.சி. அணி தன் அரையிறுதி முதல் ஆட்டத்தைப் புனேயில் ஆட வேண்டி வந்தது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்றது. அதே அணிதான் அந்தப் பருவத்தின் நடுவில் பட்டியலின் அடியில் கிடந்தது! பயிற்சியாளர் மாத்தெராசி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடேன் தலையால் முட்டினாரே, அவரேதான்.

டிசம்பர் 20, கோவாவின் ஃபதோர்டா மைதானம். எதிரே ஜிகோவின் எஃப்.சி. கோவா. 54ஆவது நிமிடம் சென்னைக்குப் பெனால்டி. கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி தடுத்தார். திரும்பி வந்த பந்தைப் பெலிசாரி உள்ளே தள்ளினார். நான்கே நிமிடத்தில் ஹாவோகிப் சமன் செய்தார். சென்னைக்கு மீண்டும் ஒரு பெனால்டி. கொலம்பியாவின் மெண்டோசா அடித்ததையும் கட்டிமணி தடுத்தார். 87ஆவது நிமிடம் ஜோஃப்ரே அடித்த கோலில் கோவா 2-1. கோப்பை அவர்களுக்கே என்றிருந்தோம்.

90ஆவது நிமிடம் சமன். அந்தக் கோல் கட்டிமணியின் பெயரிலேயே சுய கோலாகப் பதிவானது. கூடுதல் நேரத்தின் இரண்டாம் நிமிடம் மெண்டோசா அடித்தார். 3-2. சென்னைக்கு முதல் கோப்பை. வெள்ளத்தில் நொந்திருந்த எங்கள் தெருவில் அன்றுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

நானும் கட்டிமணியைப் பார்த்துச் சிரித்தேன். இரவு தூக்கம் வரவில்லை. பல வருடங்களுக்கு முன், ஆண்டு முழுதும் நன்றாகப் படித்த ஒரு மாணவன் கடைசித் தேர்வில் சறுக்கினான். வகுப்பு நடுவே "உதவாக்கரை" என்றேன். மறுநாள் அவன் வரவில்லை; தறியில் உட்கார்ந்துவிட்டான். அவன் தடுத்த பெனால்டிகளை நான் எண்ணவே இல்லை.

பையனிடம் இதையும் சொன்னேன். "அப்போ கட்டிமணி நல்ல கோல்கீப்பர்தானே தாத்தா?" என்றான்.

ஆமாம் கண்ணா. நல்ல கோல்கீப்பர்தான்.