'ஒரிஜினல்' கியர்பாக்ஸ் எது?

பழைய காரோட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தேஞ்சு போச்சுன்னா 'ஒரிஜினலையே போடு'ம்பாங்க. சரி, 1953 பான்டியாக்ல எதுங்க ஒரிஜினல்?

ஆட்டோமேட்டிக்னா வழக்கமா நாலு கியர் ஹைட்ராமாட்டிக்தான். ஆனா 1953 ஆகஸ்ட் 12 அன்று, மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமாட்டிக் ஆலை தீப்பிடித்து நாசமானது. தொழிலாளர்கள் சிலர் இறந்தும் போனார்கள். ஆனா கார் உற்பத்தி நிக்கக்கூடாதே! பான்டியாக்குக்கு ஷெவர்லேயோட ரெண்டு கியர் பவர்கிளைடை மாட்டினாங்க. கடிலாக், ஓல்ட்ஸ்மொபீலுக்கு ப்யூக்கோட டைனாஃப்ளோ.

அதனால, அந்த வருஷ பான்டியாக்ல பவர்கிளைட் இருந்தா 'யாரோ பின்னாடி மாத்திட்டாங்க'ன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. ஆலையிலேயே மாட்டினதா இருக்கலாம். முதல்ல வண்டியோட பழைய காகிதங்களைப் பாருங்க, அப்புறம் ஸ்பேனரை எடுங்க. என் ஓட்டு, அதையே ரிப்பேர் பண்ணி மாட்டுறதுக்குத்தான். ஹைட்ராமாட்டிக் போட்டா அந்தத் தீயோட சாட்சி போயிடும்.