சோலைவரியும் சிறைக்கூடமும்

நகரசபை என்றதும் தெருவிளக்கு, வடிகால், சந்தைக் குத்தகை என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. அரசியல் பாராளுமன்றத்துக்குரியது, நகரசபைக்குரியது வெறும் நிர்வாகமே என நம்மிற் பலர் கருதுகின்றோம். இக்கருத்து எத்துணை தவறானது என்பதைக் கிழக்கு இலண்டனிலுள்ள பொப்லர் பகுதியின் வரலாறு உணர்த்தும்.

பொப்லர் துறைமுகத் தொழிலாளர் வாழ்ந்த வறிய பகுதி. 1919ஆம் ஆண்டுத் தேர்தலில் அதன் சபையின் 42 ஆசனங்களுள் 39ஐத் தொழிற்கட்சி வென்றது. ஜோர்ஜ் லான்ஸ்பரி அக்கட்சியின் முதல் மேயரானார். வீடமைப்பு, பொதுக் குளிப்பிடம், நூலகம், தாய்சேய் நலம் ஆகிய பணிகளிற் சபை முனைந்தது. 1920இல் தன் ஊழியர்க்கு வாரம் 4 பவுண் குறைந்தபட்சக் கூலியென நிர்ணயித்தது. அதுவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக.

இவற்றுக்குப் பணம் எங்கிருந்து வருவது? சோலைவரி அவ்வப் பகுதியின் சொத்து மதிப்பிலே தங்கியிருந்தது. செல்வர் வாழ்ந்த வெஸ்ற்மினிஸ்ரர் குறைந்த வீதத்திற் பெருந்தொகை திரட்டியது; பொப்லரோ உயர்ந்த வீதம் விதித்தும் சிறுதொகையே பெற்றது. வேலையற்றோர்க்கான நிவாரணச் செலவும் அவ்வப் பகுதியினர் தலையிலேயே விழுந்தது. சுருங்கச் சொன்னால், ஏழையைத் தாங்கும் பாரத்தை ஏழையே சுமந்தான்.

1921 மார்ச்சில், இலண்டன் மாவட்ட சபை முதலிய மேலமைப்புகளுக்கான வரியை அறவிடுவதில்லையெனச் சபை தீர்மானித்தது. வழக்குத் தொடரப்பட்டது. யூலை 29ஆந் திகதி அங்கத்தவர்கள் மக்கள் புடைசூழ நீதிமன்றத்துக்கு நடந்தே சென்றனர். செப்தெம்பரில் முப்பதுபேர் சிறைப்பட்டனர். அவருள் ஐவர் பெண்கள். சபைக் கூட்டங்கள் பிரிக்ஸ்ரன் சிறையினுள்ளேயே நடந்தன! தொழிற்கட்சிக்குள்ளும் ஹேபேட் மொறிசன் போன்றோர் இப்போராட்டத்தை எதிர்த்தனர்; ஆயினும் அயற்சபைகள் சில துணைநிற்க முன்வந்தன. ஆறு வாரங்களில் அனைவரும் விடுதலையாயினர். நிவாரணச் செலவின் பெரும்பகுதியை இலண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ள அவ்வாண்டே சட்டமியற்றப்பட்டது.

வெற்றிக்கு விலையுமுண்டு. முன்னர் ஆசிரியையாகவிருந்த மினி லான்ஸ்பரி, சிறைமீண்ட சில மாதங்களுள், 1922 சனவரி முதல் நாள், தம் 32ஆவது வயதில் மறைந்தார். 1925இல் பிரபுக்கள் சபை அந்த 4 பவுண் கூலி சட்டத்துக்கு முரணானதெனத் தீர்ப்பளித்தது. ஒரு போராட்டத்தால் எல்லாம் கைகூடிவிடுவதில்லை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இரண்டாவது உலகப்போரின் குண்டுவீச்சிற் சிதைந்த பொப்லரிலே, வீடுகளும் பாடசாலையும் சந்தையும் ஒருங்கே அமையத் திட்டமிட்ட குடியிருப்பொன்று 1951இற் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதன் பெயர் லான்ஸ்பரி. அதைக் கட்டியதோ, முன்னொருகால் அவர் பணங்கொடுக்க மறுத்த அதே மாவட்ட சபை!

நகர அபிவிருத்தித் திட்டமொன்று நம் கையில் வரும்போது அதன் வரைபடத்தின் அழகில் நாம் மயங்குகின்றோம். ஆனால் அதன் செலவை யார் சுமப்பார், பயனை யார் நுகர்வார் என்னும் வினாக்கள் வரைபடத்தில் இரா. அவற்றைச் சபை மண்டபத்தில் எழுப்பவேண்டியவர்கள் நாமே.