பலகாரம் என்றொரு சொல்

'பல காரம் சேர்ந்தது பலகாரம்' என்று நாலாம் வகுப்பில் வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். அதிரசத்தில் காரம் எங்கே சார் என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கடைசியில், தனியாகச் சாக்கு போட்டு உட்கார்ந்திருக்கிற பையன் கேட்கிற கேள்வியா அது?

பல வருஷம் கழித்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் புரட்டியபோதுதான் சங்கதி தெரிந்தது. அந்தச் சொல்லில் பலவும் கிடையாது, காரமும் கிடையாது. வடமொழி 'பலாஹாரம்'தான் தேய்ந்து பலகாரம் ஆகியிருக்கிறது. பலம் என்றால் பழம், ஆஹாரம் என்றால் உணவு. விரத நாளில் அன்னத்தை விட்டுவிட்டுப் பழம் சாப்பிடுவதற்கு வந்த பேர்.

பழம் எப்படி வடையாச்சு? வடக்கே நவராத்திரி விரதக்காரர்கள் இன்றைக்கும் 'பலாஹார்' என்றுதான் சொல்கிறார்கள். அரிசி, கோதுமை தொடமாட்டார்கள். ஆனால் ஜவ்வரிசி ஆகும். குட்டு மாவில் நெய்ப் பூரி ஆகும், குட்டு தானியக் கணக்கில் வராதாம். தெற்கே இன்னும் தாராளம். விலக்கு வடித்த சோற்றுக்கு மட்டும்தான். அமாவாசை ராத்திரி அக்ரகாரத்தில் 'இன்னிக்குப் பலகாரம்' என்றால் இட்லி, தோசை, உப்புமா. அரிசி மாவாகிவிட்டால் அன்னம் இல்லை! விரதம் வயிறு நிறைய நடந்தது. அங்கேயிருந்து இறங்கித்தான் இந்தச் சொல் முறுக்குக்கும் சுழியத்துக்கும் பொதுப் பேராச்சு.

சோறு உள்ளவன் சோற்றைத் தள்ளிவைத்த நாளில் பிறந்த சொல் இது. எங்கள் தெருவிலும் சோறு இல்லாத நாட்கள் உண்டு, மாசத்தில் பாதி. அதற்குப் பேர் விரதம் இல்லை, பட்டினி. அந்த நாளுக்கென்று யாரும் பூரி சுட்டுத் தரவில்லை.

தமிழில் வேறு சொல் இல்லாமலா போச்சு? மதுரைக்காஞ்சியில், தெருவில் தின்பண்டம் சுமந்து விற்கிறவர்கள் வருகிறார்கள். அங்கே அதற்குப் பேர் 'பண்ணியம்'. பண்ணுதல் என்பதிலிருந்து வந்தது. பணியாரமும் அந்த வகையறாதான் என்று எனக்குப் படுகிறது. பண்ணிய கை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

பலகாரத்தில் எங்கள் கை இல்லாமலில்லை. ஆண்டை வீட்டு நெல்லை நட்டதும் அறுத்ததும் களத்தில் அடித்ததும் எங்கள் ஆயா. கொல்லையில் உட்கார்ந்து குத்திப் புடைத்ததும் அவளேதான். கரும்பு வெட்டியது தாத்தா. அதுவரைக்கும் தீட்டு இல்லை. அரிசியை ஊறப்போட்டு ஈர மாவாக இடித்ததும் எங்கிருந்தோ தீட்டு வந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அடுப்பங்கரைப் பக்கம் ஆயாவின் நிழல் படக்கூடாது. தீவாளிக்கு மறுநாள் கொல்லைப்புறம் போய் நிற்க வேண்டும். முந்தானையை விரித்தால் மேலேயிருந்து போடுவார்கள்.

"எத்தினி ஆயா?"

"வூட்டுக்கு ரெண்டு."

அந்த ரெண்டு அதிரசம் ஏழு பேருக்கு. நல்ல ருசி, பொய் சொல்லக்கூடாது.

1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. நான் பிறந்தது அதற்குப் பிறகுதான். என் காலத்திலும் எங்கள் ஊர் டீக்கடையில் பெஞ்சு அவர்களுக்கு. எங்களுக்கு வடை காகிதத்தில், வெளியே, கை படாத தூரத்தில் விழும். அதற்கும் பேர் பலகாரம்தான்.

ஆயா அந்தச் சொல்லை எங்கள் அடுப்புக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு வருஷம் அறுப்புக் கூலி கொஞ்சம் கூடுதலாக வந்தது. கேவுரு மாவில் வெல்லம் பிசைந்து, முருங்கை மரத்தடியில் கல் வைத்து அடை தட்டினாள். ஓரமெல்லாம் தீய்ந்து, வெல்லம் உருகிக் கல்லில் ஒட்டிக்கொண்டது. நாங்கள் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

"பலகாரமா ஆயா?" என்றேன்.

"அது அவங்க வூட்டுது. இது நாம சுட்டது. சூட்டோட துண்ணு" என்றாள்.