முதல் முறை தப்பு செய்தால் ஜெயில்தானா? 'நன்னடத்தை விடுதலை' யாருக்குக் கிடைக்கும்? - விளக்கம்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 20 வயது இளைஞர் ஒருவர் 12,000 ரூபாய் செல்போனைத் திருடிப் பிடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு முன் அவர்மீது வழக்கு எதுவும் இல்லை. குற்றம் நிரூபணமாகிவிட்டது. அடுத்து நேராக காலாப்பட்டு மத்திய சிறைதானா? கட்டாயம் இல்லை.

என்ன சட்டம்?

1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த பிறகு, பிரெஞ்சு குற்றவியல் சட்டத்தின் இடத்துக்கு இந்தியச் சட்டங்கள் வந்தன. அவற்றில் ஒன்று 1958-ம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இதன் 4-வது பிரிவு பொருந்தாது. மற்ற பல வழக்குகளில், நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு குற்றவாளியை நீதிமன்றம் விடுவிக்கலாம். பத்திரக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுகள்.

21 வயதுக்குள் இருந்தால்?

இங்கேதான் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாத பட்சத்தில், 21 வயதுக்குட்பட்டவரை எடுத்ததும் சிறைக்கு அனுப்ப முடியாது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். அதன் பிறகும் சிறைதான் என்றால், காரணத்தை எழுதிவைக்க வேண்டும். குற்றம் நடந்த நாளில் அல்ல, தண்டனை பற்றி நீதிமன்றம் முடிவு செய்யும் நாளில் என்ன வயது என்பதே கணக்கு.

ஜாமீன், பரோல் மாதிரியா?

இல்லை. ஜாமீன், வழக்கு நடக்கும்போது கிடைப்பது. பரோல், சிறையில் இருப்பவருக்குக் கிடைக்கும் தற்காலிக விடுப்பு. நன்னடத்தை விடுதலையோ, குற்றம் நிரூபணமான பிறகு சிறைத் தண்டனைக்குப் பதிலாகத் தரப்படுவது.

யார் கண்காணிப்பார்?

நன்னடத்தை அலுவலர். குடும்பச் சூழல், வேலை, நடத்தை எல்லாவற்றையும் விசாரித்து அறிக்கை தருவதும் இவர்தான். கண்காணிப்பு உத்தரவு போட்டால் குறைந்தது ஓராண்டு இருக்கும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரவும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

நிபந்தனையை மீறினால் என்னாகும்?

முதல் முறை என்றால் 50 ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம். இல்லையென்றால், பழைய குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம்.

வேலைக்குப் பிரச்னை வருமா?

தண்டனை பெற்றவர் என்பதற்காக வரும் தகுதியிழப்பு இவருக்குப் பொருந்தாது என்கிறது 12-வது பிரிவு. ஆனால் அரசு ஊழியர் என்றால் உஷார்: அவரது செயலுக்காகத் துறை நடவடிக்கை எடுக்கத் தடையில்லை.

2024-ல் என்ன மாறியது?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 'சமூக சேவை'யும் ஒரு தண்டனை. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி, முதல் முறை தண்டனை பெறுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால் சமூக சேவைதான். குடிபோதையில் பொது இடத்தில் ரகளை செய்தாலும் இந்தத் தண்டனை தரலாம். இந்த வேலைக்குக் கூலி கிடையாது.

நீதிமன்றம் கண்டுகொள்ளாவிட்டால்?

தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சட்ட நிபந்தனைகள் பொருந்தும்போது, நன்னடத்தை விடுதலையைப் பரிசீலிக்காமலே நீதிமன்றம் கடந்துபோக முடியாது. பரிசீலித்த பிறகு தருவதும் மறுப்பதும் நீதிபதியின் முடிவு. அதனால் தீர்ப்பு நாளில் வக்கீலிடம் மறக்காமல் கேட்க வேண்டியது: "நன்னடத்தை அலுவலர் அறிக்கை கேட்டாச்சா?"